ரோபோவைக் கண்டு ஏன் இந்தப் பயம்? – வாசகர் கேள்வி பதில்

கதைகளிலும் சினிமாவிலும் வரும் ரோபோக்கள் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். பலரும் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். கதைகளின் முடிவைச் சொல்லாமல் இந்தப் பயத்தைப் பற்றிப் பேச முடியாது. அதனால் முடிவுகளையும் சொல்லியிருக்கிறோம்.

மனிதனை எதிர்த்துக் கிளம்பிய முதல் ரோபோ எந்தக் கதையில் வந்தது? அது இரும்பு மனிதன்தானா?
– கல்லூரி மாணவர், கோவை

‘ரோபோ’ என்ற பெயரோடு வந்தது செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக்கின் ‘ஆர்.யு.ஆர்.’ நாடகத்தில். 1920இல் புத்தகமாக வந்து, 1921 ஜனவரி 25 அன்று பிராக் நகரின் தேசிய நாடக அரங்கில் மேடையேறியது. அதில் வரும் ரோபோக்களின் உடம்பில் இரும்பே கிடையாது. ஒரு தீவில் இருக்கும் தொழிற்சாலையில் செயற்கைச் சதைக்கான கூழைத் தொட்டிகளில் கலக்குகிறார்கள், நரம்புகளை ஆலையில் நூற்கிறார்கள், பிறகு உறுப்புகளைப் பொருத்தி ஆள் தயாரிக்கிறார்கள்.

விபரீதம் எப்படி வளர்கிறது என்பதைக் கவனியுங்கள். முதலில் ரோபோக்கள் வந்து தொழிலாளிகளின் வேலை போகிறது. தொழிலாளிகள் எதிர்க்கிறார்கள். உடனே அரசுகள் ரோபோக்களின் கையில் துப்பாக்கி கொடுத்துச் சிப்பாய் ஆக்குகின்றன. மனிதர்களுக்குக் குழந்தை பிறப்பது நின்றுபோகிறது. ரோபோக்களுக்கும் மனம் வேண்டும் என்று தொழிற்சாலை மேலாளரின் மனைவி ஹெலனா பரிதாபப்பட்டுக் கேட்க, அங்கே வேலை செய்யும் ‘கால்’ என்ற டாக்டர் சில ரோபோக்களின் அமைப்பை மாற்றுகிறார். கடைசியில் அவை கிளம்பி எல்லோரையும் கொன்றுவிட்டு, கட்டடம் கட்டும் அல்க்விஸ்ட் ஒருவரை மட்டும் விட்டுவைக்கின்றன. அவரும் தங்களைப் போலக் கையால் உழைப்பவர் என்பதுதான் காரணம். ரோபோ தயாரிக்கும் குறிப்பை ஹெலனா ஏற்கெனவே எரித்துவிட்டதால், வென்ற ரோபோக்களும் தங்கள் இனத்தைப் பெருக்க வழியில்லாமல் அவர் காலில் விழுகின்றன.

பெயர் புதிது என்றாலும் பயம் பழையது. 1818இல் மேரி ஷெல்லி எழுதிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில், செய்தவனே அருவருத்து ஓடிவிட்ட பிறகுதான் அந்தப் பிறவி கொலைகாரனாகிறது. 1863இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரப் பத்திரிகை ஒன்றில் சாமுவேல் பட்லர், இயந்திரங்களும் பரிணாமம் அடைந்து ஒரு நாள் நம்மை ஆளும் என்று கட்டுரை எழுதினார். அவர் கண்முன் இருந்தவை நீராவி இயந்திரமும் கடிகாரமும்தான்.

அசிமோவ் எழுதிய மூன்று விதிகளை எல்லா ரோபோவுக்குள்ளும் போட்டுவிட்டால் பயமே இல்லையே, ஐயா! ஏன் செய்வதில்லை?
– பள்ளி ஆசிரியை, கும்பகோணம்

அறிவியல் கதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் தன் கதை ரோபோக்களுக்கு வகுத்த விதிகளை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். ஒன்று, ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யக் கூடாது. சும்மா இருந்து தீங்கு நேர விடவும் கூடாது. இரண்டு, முதல் விதிக்கு முரணில்லாத வரை மனிதனின் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும். மூன்று, முதல் இரண்டுக்கும் முரணில்லாத வரை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

இவை மூன்றும் வரிசையாக முதலில் வந்தது 1942 மார்ச்சில் வெளியான ‘ரன்அரவுண்ட்’ சிறுகதையில். அந்தக் கதையிலேயே விதிகள் மாட்டிக்கொள்கின்றன. இடம் புதன் கிரகம். அங்கே பவல், டோனவன் என்று இரண்டு மனிதர்கள். செலீனியம் என்ற தனிமத்தை எடுத்துவரும்படி ஸ்பீடி என்ற ரோபோவை டோனவன் அனுப்புகிறார். அவசரம் என்று அழுத்திச் சொல்லவில்லை. போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். அதனால் இரண்டாம் விதியின் இழுப்பு குறைவு. ஸ்பீடியோ விலை உயர்ந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று மூன்றாம் விதியைக் கூட்டி வைத்துத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். செலீனியக் குட்டையின் அருகே ஆபத்து இருக்கிறது. நெருங்கினால் மூன்றாம் விதி வெளியே தள்ளுகிறது, விலகினால் இரண்டாம் விதி உள்ளே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் தூரத்தில் ஸ்பீடி போதை ஏறியவன் மாதிரி உளறிக்கொண்டு குட்டையைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

மனிதர்கள் ஆக்சாலிக் அமிலத்தைச் சூடாக்கிக் கார்பன் மோனாக்சைடு உண்டாக்கி, ஆபத்தைக் கூட்டி அதைத் தங்கள் பக்கம் விரட்டப் பார்க்கிறார்கள். சமநிலைத் தூரம் மாறுகிறது, சுற்றுவது நிற்கவில்லை. கடைசியில் பவல் கொதிக்கும் வெயிலில் இறங்கி நடந்து தன் உயிரையே பணயம் வைக்கிறார். முதல் விதி விழித்துக்கொண்டு ஸ்பீடியை ஓடிவர வைக்கிறது. அந்த ரோபோவுக்குக் கோளாறும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. ஒரு கட்டளையை மெத்தனமாகச் சொன்னதும், ஒரு விதியைக் கூட்டி வைத்ததும் சேர்ந்து வந்த வினை. இவ்வளவு துல்லியமாகப் பழுது பார்த்துக் காட்டும் ரோபோ கதை வேறு உண்டா என்பது சந்தேகமே.

இனி நிஜத்துக்கு வருவோம். வெல்டிங் செய்யும் ரோபோ கைக்குத் தெரிந்தது மூட்டுகள் எத்தனை டிகிரி திரும்பியிருக்கின்றன, மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது, சென்சார் வாசலில் யாராவது குறுக்கே வந்தார்களா என்பவைதான். ‘தீங்கு’ என்ற சொல்லை அளந்து சொல்ல அதற்குள் கருவி இல்லை. அதனால் பாதுகாப்பை அதன் மூளைக்கு வெளியே கட்டுகிறார்கள். சுற்றிலும் வேலி. வேலிக்கதவைத் திறந்தாலே இயக்கம் நிற்கும்படி இன்டர்லாக். பொருள் உள்ளே போகும் வழியில், யாராவது குறுக்கே வந்தால் இயக்கத்தை நிறுத்தும் ஒளித்திரையான லைட் கர்ட்டன். பழுது பார்க்க உள்ளே போகிறவர் மின்சாரத்தை நிறுத்தி, தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். ரோபோவுக்கு அசைவுகளைச் சொல்லித்தரும்போது அதன் வேகம் நொடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தரவிதி.

அப்போது சொல்லித்தருபவர் கையில் பிடித்திருக்கும் பெண்டன்ட் என்ற கட்டுப்பாட்டுக் கருவியின் பின்பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதற்கு மூன்று நிலை. விட்டுவிட்டால் ரோபோ நிற்கும், பாதி அழுத்திப் பிடித்தால் நகரும், இறுக அழுத்தினால் மறுபடி நின்றுவிடும். திடுக்கிட்ட மனிதன் கையில் இருப்பதை ஒன்று நழுவ விடுவான், இல்லையென்றால் இறுகப் பிடிப்பான். இரண்டு விதத்திலும் ரோபோ நிற்க வேண்டும் என்று யோசித்துச் செய்த பொத்தான் அது.

வேலி இல்லாமல் மனிதர் பக்கத்திலேயே வேலை செய்யும் ரோபோக்களுக்கு 2016இல் வந்த ஒரு வழிகாட்டி, உடலின் 29 இடங்களுக்கு எவ்வளவு அழுத்தம் வரை படலாம் என்று தனித்தனியாக அளவு சொல்கிறது. முதல் விதியை மில்லிமீட்டரிலும் நியூட்டனிலும் எழுதினால் இப்படித்தான் வரும்.

ரோபோவால் உயிரிழந்த முதல் மனிதராகப் பதிவானவர் ராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஃபிளாட் ராக் என்ற ஊரில் இருந்த ஃபோர்டு வார்ப்பாலையில் 25 வயதுத் தொழிலாளி. அடுக்குகளிலிருந்து உதிரிபாகங்களை எடுத்துவரும் இயந்திரம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, அவற்றைக் கையால் எடுக்க அடுக்கின் மேல் ஏறினார். இயந்திரத்தின் கை பின்னாலிருந்து தலையில் அடித்தது. நாள் 1979 ஜனவரி 25. சாப்பெக்கின் நாடகம் மேடையேறி அன்றோடு சரியாக 58 ஆண்டுகள். அந்த இயந்திரத்துக்கு அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்பதே தெரியாது.

‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் ஹால் கம்ப்யூட்டர் ஏன் கொலை செய்கிறது? மூன்று முறை பார்த்தும் புரியவில்லை.
– வாசகர், திருநெல்வேலி

உங்களுக்குப் புரியாததில் வியப்பில்லை. 1968இல் வந்த அந்தப் படம் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லவே இல்லை. 1984இல் வந்த தொடர்ச்சிப் படத்தில்தான் விளக்கம் வருகிறது. எந்தத் தகவலையும் திரிக்காமல் மறைக்காமல் தர வேண்டும் என்பது, விண்கலத்தை நடத்தும் ஹாலின் அடிப்படை அமைப்பு. பயணத்தின் உண்மையான நோக்கத்தை விழித்திருக்கும் இரண்டு விண்வெளி வீரர்களிடமும் மறைக்க வேண்டும் என்பது மேலிடம் கொடுத்த உத்தரவு. இரண்டையும் ஒரே நேரத்தில் கடைப்பிடிக்க முடியாது. கேள்வி கேட்க ஆளே இல்லையென்றால் பொய் சொல்லவும் தேவையில்லை என்ற இடத்தில் போய் அது நிற்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு நான்காம் முறை பாருங்கள். ஆன்டெனாவில் இருக்கும் ஏ.இ.-35 என்ற பாகம் 72 மணி நேரத்தில் பழுதாகும் என்று ஹால் சொல்கிறது. கழற்றிச் சோதித்தால் அதில் பழுதே இல்லை. வீரர்கள் இருவரும் சிறு கலத்துக்குள் போய், ஒலி வெளியே கேட்காதபடி மூடிக்கொண்டு, ஹாலை நிறுத்திவிடலாமா என்று பேசுகிறார்கள். கண்ணாடி வழியே அவர்களுடைய உதட்டசைவை அது படித்துவிடுகிறது. கொலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தன்னை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்த இயந்திரம் முந்திக்கொள்ளும் இந்தத் திருப்பத்தைப் பிறகு வந்த ஏராளமான படங்கள் எடுத்துக்கொண்டன. ‘டெர்மினேட்டர்’ வரிசையின் இரண்டாம் படத்தில் ஸ்கைநெட் என்ற ராணுவக் கம்ப்யூட்டர் தாக்குவதும், பதறிப்போனவர்கள் அதை நிறுத்தப் பார்த்த பிறகுதான்.

பிழைத்த வீரர் ஹாலை நிறுத்த அதன் நினைவுப் பலகைகளை ஒவ்வொன்றாக உருவும்போது அது பாடும் ‘டெய்சி பெல்’ பாட்டுக்கு ஒரு நிஜப் பின்னணி உண்டு. 1961இல் பெல் ஆய்வகத்தில் ஐ.பி.எம். கம்ப்யூட்டர் ஒன்றைப் பாட வைத்தார்கள். அது பாடியது அதே பாட்டு.

‘எந்திரன்’ சிட்டி கெட்டுப்போனதற்குச் சிவப்புச் சிப் மட்டும்தானா காரணம்? எங்கள் வீட்டில் இதில் ஓயாத சண்டை!
– குடும்பத் தலைவி, மதுரை

சிப் வருவதற்கு வெகு முன்பே படம் மூன்று இடங்களில் பாதையைக் காட்டிவிடுகிறது. மதிப்பீட்டுக் குழுவின் முன், வசீகரனின் குருவும் படத்தின் வில்லனுமான போரா கட்டளையிட்டதும், சிட்டி தன்னைச் செய்த வசீகரனையே குத்தப் போகிறது. கட்டளை யாருடையது, எதற்கு என்று கேட்கத் தெரியாத கீழ்ப்படிதல் அது. அடுத்தது தீவிபத்து. குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே எல்லோர் முன்னாலும் தூக்கிவருகிறது. உயிரைக் காப்பாற்று என்ற கட்டளை அட்சரம் பிசகாமல் நிறைவேறுகிறது. அவமானம் தாங்காமல் ஓடிய அந்தப் பெண் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். மானம் என்ற ஒன்று அதன் கணக்கிலேயே இல்லை. இதைச் சரிசெய்யத்தான் வசீகரன் உணர்வுகளைக் கொடுக்கிறார். உணர்வோடு சேர்ந்து காதலும் வருகிறது. அந்தக் காதலால் ராணுவ அதிகாரிகள் முன்னால் சொன்னதைச் செய்யாமல் போக, கோபத்தில் அவரே அதை வெட்டிக் குப்பைக்கு அனுப்புகிறார். போரா அங்கிருந்துதான் பொறுக்கிவந்து, அழிவுக்கான சிவப்புச் சிப்பைப் பொருத்துகிறார். சிவப்புச் சிப் கடைசிக் காரணம் மட்டுமே.

எங்கள் கணிப்பில் படத்தின் மிகக் கூர்மையான இடம் சண்டைக்காட்சி எதுவுமில்லை, தீவிபத்துதான். அங்கே வில்லன் கிடையாது. நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட இயந்திரம் நல்ல கட்டளையை நிறைவேற்றுகிறது, ஓர் உயிர் போகிறது. அதேபோல 2030ஆம் ஆண்டு அருங்காட்சியகத்தில், உன்னை ஏன் பிரித்துப் போட்டார்கள் என்று கேட்கும் பள்ளிக் குழந்தைக்கு, சிந்திக்கத் தொடங்கினேன் என்று சிட்டி சொல்லும் பதில் படத்தை வேறு உயரத்துக்குக் கொண்டுபோகிறது. படத்தின் வசனத்தில் சுஜாதாவுக்கும் பங்கு உண்டு. 2008இல் மறைந்ததால் 2010இல் வெளியான படத்தை அவர் பார்க்கவில்லை. அவருடைய ‘என் இனிய இயந்திரா’ நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும்: அதில் பயப்பட வேண்டியது சர்வாதிகாரி ஜீவாவின் ஆட்சியைப் பார்த்து. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியோ கதாநாயகி நிலாவின் துணை.

இரண்டு கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ரகசிய மொழி பேசியதால் பயந்துபோய் நிறுத்திவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?
– ஓய்வுபெற்ற அலுவலர், வேலூர்

2017இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் செய்த சோதனை அது. ரகசியம் என்ற பகுதியும் பயந்து நிறுத்தினார்கள் என்ற பகுதியும் பொய். புத்தகம், தொப்பி, பந்து ஆகியவற்றைப் பேரம் பேசிப் பங்குபோட இரண்டு நிரல்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல பங்கு கிடைத்தால் மதிப்பெண். ஒழுங்கான ஆங்கிலத்தில் பேசினால் மதிப்பெண் என்று எங்கும் சொல்லவில்லை. அதனால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்கும் உளறல் மொழிக்கு அவை நழுவின. மனிதரோடு பேரம் பேச வேண்டிய நிரல் அது என்பதால் ஆங்கிலத்தோடு கட்டிப்போட்டு ஆய்வைத் தொடர்ந்தார்கள்.

இதற்கு ஒரு வருடம் முன்பு, 2016இல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் படகுப் பந்தய விளையாட்டு ஒன்றில் கண்டது இன்னும் தெளிவான உதாரணம். பந்தயத்தை முடிப்பதற்கு மதிப்பெண் இல்லை, வழியில் இருக்கும் இலக்குகளை இடித்தால் உண்டு. நிரல் ஒரு மூலையில் மூன்று இலக்குகள் திரும்பத் திரும்ப முளைப்பதைக் கண்டுபிடித்து, தீப்பற்றி எரிந்துகொண்டே, மற்றப் படகுகளில் மோதிக்கொண்டே அங்கேயே வட்டமடித்தது. பந்தயத்தை முடிக்கவே இல்லை. மதிப்பெண் மட்டும் மனித ஆட்டக்காரர்கள் எடுப்பதைவிடச் சராசரியாக 20 சதவீதம் அதிகம். ஸ்பீடி குட்டையைச் சுற்றியது நினைவுக்கு வருகிறதா?

மனிதன் மாதிரியே இருக்கும் பொம்மையையும் ரோபோவையும் பார்த்தால் உடம்பு கூசுகிறதே, ஏன்?
– அனிமேஷன் மாணவி, சென்னை

ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970இல் இதற்கு ஒரு வரைபடம் போட்டார். உருவம் மனிதச் சாயலை நெருங்க நெருங்க நமக்குப் பிரியம் கூடுகிறது. ஏறக்குறைய மனிதன் என்ற இடம் வந்ததும் பிரியம் சட்டென்று பள்ளத்தில் விழுகிறது. முழு மனிதன் ஆகும்போது மறுபடி ஏறுகிறது. அவர் சொன்ன உதாரணம் செயற்கைக் கை. பார்வைக்கு நரம்பும் நகமுமாக நிஜம் போலவே இருக்கும். கைகுலுக்கினால் எலும்பில்லாத பிடியும் சில்லிப்பும் தெரியும், அந்தக் கணத்தில் உடம்பு கூசும். உருவம் அசைந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும் என்றும் சொன்னார். அவர் போட்டது அளந்து எடுத்த புள்ளிவிவரம் இல்லை, உத்தேச வரைபடம். அதைப் பிற்பாடு பலர் சோதித்துப் பார்த்தார்கள். சாயலின் அளவைவிட, உறுப்புக்கு உறுப்பு பொருந்தாமல் போவதுதான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு.

உங்கள் வேலைக்கு உதவும் பகுதி இதுதான்: தோல் நிஜமாகவும் கண் பொம்மையாகவும் இருந்தால் கெடும். குரல் மனிதக் குரலாகவும் உதடு சற்றுத் தாமதமாகவும் இருந்தால் கெடும். சிரிக்கும்போது வாய் மட்டும் அசைந்து கண்ணோரம் சுருங்காவிட்டால் கெடும். பயமுறுத்த வேண்டுமென்றால் இவற்றில் ஒன்றை மட்டும் தவற விடுங்கள். எல்லாவற்றையும் தவற விட்டால் கார்ட்டூன் ஆகிவிடும். பயமுறுத்த வேண்டாம் என்றால் மோரி சொன்ன வழி சிறந்தது: பள்ளத்தைத் தாண்ட முயலாமல் முதல் மேட்டிலேயே நின்றுவிடுங்கள். செயற்கைக் கையை மரத்தில் அழகாகச் செதுக்கலாமே என்றார் அவர்.

படம் பார்த்த பிறகு எங்கள் எட்டு வயது மகன் வீடு கூட்டும் ரோபோவைக் கண்டாலே அலறுகிறான். என்ன செய்வது?
– தந்தை, சேலம்

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அதட்டாதீர்கள். அதை அணைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்டு, பக்கத்தில் உட்கார வையுங்கள். இரண்டு சக்கரம், ஒரு சுழலும் பிரஷ், அழுக்கு சேரும் டப்பா, பேட்டரி எல்லாவற்றையும் அவன் கையாலேயே தொட்டுப் பார்க்கட்டும். அடியில் ஓரமாகச் சிறு கறுப்புக் கண்ணாடிகள் தெரியும். படியிலிருந்து விழாமல் இருக்க, கீழ்நோக்கி அகச்சிவப்பு ஒளியை அனுப்பி அது திரும்பி வருகிறதா என்று பார்க்கும் சென்சார்கள் அவை. பிறகு தரையில் ஒரு கறுப்புத் துணியைப் பட்டையாக ஒட்டி ரோபோவை ஓட விடுங்கள். கறுப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் பல மாடல்கள் அதைப் பள்ளம் என்று நினைத்துப் பின்வாங்கும். துணியை எங்கே ஒட்டுவது என்பதை மகனே முடிவு செய்யட்டும். அணைக்கும் பொத்தானும் அவன் பொறுப்பில் இருக்கட்டும். இரவில் சார்ஜர் அவன் படுக்கும் அறையில் வேண்டாம். அதன் விளக்கு சிமிட்டும்.

சிவப்புக் கண், உலகை அழிக்கும் திட்டம் இதெல்லாம் இல்லாமல் ஒரு ரோபோ சிறுகதை எழுத ஆசை. எங்கே தொடங்குவது?
– இளம் எழுத்தாளர், யாழ்ப்பாணம்

கட்டளையிலிருந்து தொடங்குங்கள். ரோபோவுக்கு முதலில் சொல்லப்பட்ட வேலையை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். ‘பாட்டி கீழே விழாமல் பார்த்துக்கொள்’ என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, சொன்னவர் மனதில் இருந்து வாயில் வராமல் போனவற்றை எழுதுங்கள். பாட்டி காலையில் வாசலில் கோலம் போடுவாள், கிணற்றடிக்குப் போவாள், கோயிலுக்கு நடப்பாள். விழாமல் பார்த்துக்கொள்ள மிக எளிய வழி, எழுந்திருக்கவே விடாமல் இருப்பது. உங்கள் கதை அந்த இடைவெளியில் இருக்கிறது. ரோபோவுக்குக் கோபமோ வெறுப்போ தேவைப்படாது.

பிறகு அதன் உடம்பை முடிவு செய்யுங்கள்: எதைப் பார்க்கும், எது கேட்காது, எத்தனை கிலோ தூக்கும், சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும், மின்வெட்டில் என்ன ஆகும். இவற்றை முதல் பக்கத்திலேயே காட்டிவிட்டால் கடைசிப் பக்கத்தில் திடீரென்று புதுச் சக்தி முளைக்காது. கட்டளையை மாற்றும் உரிமை யாருக்கு என்பதையும் தீர்மானியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கா, பாட்டிக்கா, விற்ற கம்பனிக்கா என்பதைப் பொறுத்துக் கதை முழுவதும் மாறும்.

அணைக்கும் பொத்தானை எங்கே வைப்பது என்பது கடைசி முடிவு, அதில் அவசரப்பட வேண்டாம். சாகாமல் இருந்தால்தான் காபி கொண்டுவர முடியும் என்று கணினி அறிஞர் ஸ்டூவர்ட் ரஸ்ஸல் சொல்லுவார். எந்த வேலையைக் கொடுத்தாலும், அணைந்துவிட்டால் அந்த வேலை நடக்காது என்பதை ஓரளவு அறிவுள்ள இயந்திரம் கண்டுகொள்ளும். உங்கள் ரோபோ அந்தப் பொத்தானை உடைக்க வேண்டியதில்லை. பொத்தான் அதன் முதுகில் இருக்கட்டும், பாட்டி கட்டிலில் இருக்கட்டும், அது எப்போதும் பாட்டியைப் பார்த்தபடியே நிற்கட்டும். கதையை 1,500 சொற்களுக்குள் முடித்து எங்களுக்கு அனுப்புங்கள்.